பொண்ணு பேர்ல போலி கணக்கு: அவசரப்பட்டு அழிக்க வைக்காதீங்க

வணக்கம் சகோதரி. கூடப் படிக்கிறவங்களே உங்க பொண்ணு பேர்ல போலி இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கிக் கிண்டல் பண்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு அவ போனைப் பிடுங்காதீங்க. அடுத்த தடவை உங்ககிட்ட வாயே திறக்க மாட்டா.

ரிப்போர்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. யூசர்நேம், தேதி, கமெண்ட் போட்டவங்க பேரு எல்லாம் தெரியணும். படத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போனா, "யார் போட்டதுன்னே தெரியலையே"ன்னு பள்ளியில நழுவிடுவாங்க. புரொஃபைல் லிங்க்கையும் எடுத்து வைங்க. அப்புறம் இன்ஸ்டாகிராம்ல ஆள்மாறாட்டம்னு புகார் கொடுங்க.

அவ படத்தை ஆபாசமா மாத்தி மார்ஃப் பண்ணியிருந்தா, அதை யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, பள்ளிக்கும்கூட. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு இந்த மாதிரி படங்களை இணையத்துலேர்ந்து நீக்க உதவுற ‘டேக் இட் டவுன்’னு இலவச சேவை இருக்கு. படம் போனை விட்டு வெளியே போகாது, அதோட ஹேஷ், அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டுற ஒரு குறியீடு மட்டும்தான் போகும்.

படம் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சது? அவளோட பழைய கணக்கு இன்னும் பப்ளிக்காவே இருக்கான்னு பாருங்க.