கல்லீரல் நோய், மாற்று அறுவை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கல்லீரல் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சிர்ரோசிஸ் (ஈரல் முழுதும் தழும்பு நிறைந்து இறுகும் நோய்). ஈரல் வெட்டினாலும் வளரும் என்கிறார்களே, அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்?

வளரும் என்பது நிஜம். 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருந்தது சில வாரங்களுக்குள் பழைய எடைக்கு வந்துவிட்டது. ஆனால் அது நோயில்லாத ஈரல். சிர்ரோசிஸிலும் செல்கள் வளரத்தான் பார்க்கின்றன. சுற்றிலும் தழும்பு நார் வேலி போட்டிருப்பதால் முடிச்சு முடிச்சாகத்தான் வளர முடிகிறது. நல்ல ஈரல் வழவழவென்று இருக்கும். இது கைக்குக் கூழாங்கல் மாதிரி நெரடும். குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே புக முடியாமல் தேங்குகிறது. வயிற்றில் நீர் கோப்பதும் ரத்த வாந்தி வருவதும் அதனால்தான்.

ஆனால் 'வந்த தழும்பு போகாது' என்று நாங்கள் படித்த பாடம் இப்போது செல்லாது. ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கு டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை ஐந்து வருடம் கொடுத்து, மறுபடி பயாப்ஸி (ஊசியால் ஈரலில் ஒரு துணுக்கு) எடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. தொடக்கத்தில் சிர்ரோசிஸ் இருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஐந்தாம் வருடம் அது இல்லை! ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு ஈரல் வைரஸ் என்றால் 8 முதல் 12 வார மாத்திரையிலேயே 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு வைரஸ் போய்விடுகிறது. அதனால் டாக்டரிடம் முதலில் 'எதனால் வந்தது?' என்று கேளுங்கள். காரணத்தை நிறுத்திய பிறகும் ஈரல் தேறாத நிலை என்றால்தான் மாற்று.

கேள்வி: ஈரல் நோயுள்ள என் கணவர் ஒரு வாரமாகப் பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரி விழித்திருக்கிறார். கையெழுத்தும் கோணுகிறது. வயதானதாலா?

இல்லை அம்மா, வயதின் மேல் பழி போட்டு இதை விட்டுவிடாதீர்கள். ஈரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா போன்ற கழிவுகள் மூளையைக் குழப்பும்போது முதலில் கெடுவது தூக்கமும் கையெழுத்தும்தான். வார்டில் தினமும் ஒரே காகிதத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவோம். திங்கட்கிழமை நேராக இருந்த பெயர் வியாழக்கிழமை புழுப்போல நெளியும். மலச்சிக்கல், தொற்று, உள்ளே ரத்தக்கசிவு, தூக்க மாத்திரை என்று எதுவும் இதைக் கிளப்பிவிடலாம். இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: எனக்குப் பிறகு பதிவு செய்த ஆண் ஒருவருக்கு ஈரல் முதலில் கிடைத்தது. இது நியாயமா?

உங்கள் ஆற்றாமை புரிகிறது. பல நாடுகளில் வரிசை, பதிவு செய்த தேதியை வைத்து ஓடுவதில்லை. பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகம்), கிரியேட்டினின் (சிறுநீரக அளவு) போன்ற ரத்தப் பரிசோதனைகளிலிருந்து, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்ட 6 முதல் 40 வரை மெல்ட் என்ற ஸ்கோர் போடுகிறார்கள். ரத்தப் பிரிவு, உடலளவு பொருந்துகிறவர்களில் ஸ்கோர் கூடியவருக்கு முதலிடம். ஆனால் அந்தக் கணக்கிலேயே ஒரு குறை இருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் அதுவும் குறைவாகக் காட்டும். நோய் முற்றியிருந்தாலும் ஸ்கோர் ஏறாது. ஆய்வாளர்கள் இதைக் காட்டிய பிறகுதான் 2023-இல் அமெரிக்காவில் கணக்கைத் திருத்திப் பெண்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்தார்கள். உங்கள் ஊரில் எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு என் ஈரலில் பாதி கேட்கிறார்கள். கொடுக்க ஆசைதான், பயமாகவும் இருக்கிறது.

தம்பி, பயப்படுவது தப்பே இல்லை. 1989-இல் பிரிஸ்பேனில் ஒரு தாய் தன் குழந்தைக்கு ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்ததுதான் உயிருள்ளவர் கொடுத்து வெற்றி பெற்ற முதல் மாற்று. குழந்தைக்குச் சின்ன இடதுபக்கத் துண்டு போதும். பெரியவருக்குப் பெரும்பாலும் வலது பகுதி முழுதும் வேண்டும், அது ஈரலில் ஏறத்தாழ 60 சதவீதம். உங்களிடம் குறைந்தது 30 சதவீதமாவது நிற்குமா என்று சி.டி. ஸ்கேனில் அளந்து பார்ப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அளவு பெருமளவு திரும்பிவிடும். பழைய வடிவம் திரும்பாது.

ஆபத்தை மறைக்க மாட்டேன். பித்தநீர்க் கசிவு, தொற்று வரலாம். வலது பகுதி கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு 2 முதல் 5 பேர்வரை இறக்க நேரிடுகிறது. நோயில்லாத ஒருவருக்கு இது சின்ன எண் அல்ல. அக்காவைப் பார்க்கும் டாக்டர் தவிர, உங்கள் பக்கம் மட்டும் நின்று பேசும் ஒருவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். 'இவர் பொருத்தமில்லை' என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் வழக்கம் உண்டு. மயக்க ஊசி போடும் நிமிடம்வரை பின்வாங்கலாம்.

கேள்வி: எடுத்த ஈரலை மெஷினில் உயிரோடு வைக்கிறார்களாமே?

ஆமாம். ஐஸ் பெட்டியில் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் தாங்கும். மெஷினில் உடல் சூட்டிலேயே ரத்தம் ஓடும். வெளிறிக் கிடந்த ஈரல் சிவந்து வருவதும், குழாயில் பித்தநீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். நோயாளிக்குப் பொருத்துவதற்கு முன்பே அது வேலை செய்கிறதா என்று பார்க்க முடிகிறது. 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இப்படி வைத்ததால் 'உதவாது' என்று ஒதுக்கப்படும் ஈரல்கள் பாதியாகக் குறைந்தன. சூரிச்சில் ஓர் ஈரலை மூன்று நாள் இப்படி வைத்திருந்து 2021-இல் ஒருவருக்குப் பொருத்தினார்கள்.

கேள்வி: மாற்று நடந்து ஆறு வருடம். நன்றாக இருப்பதால் பத்து நாளாக டாக்ரோலிமஸ் (புது ஈரலை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரை) போடவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாதக்கணக்கில் மெதுவாகக் குறைத்து நிறுத்திய ஆய்வுகள் உண்டு. அப்படிச் செய்தும் பலருக்கு ஈரலை உடம்பு எதிர்க்கத் தொடங்கியது, திரும்ப மருந்துக்குப் போனார்கள். இந்த நிராகரிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, ரத்தத்தில் மட்டும்தான் தெரியும். இதைப் படித்து முடித்ததும் உங்கள் மாற்றுக் குழுவுக்கு போன் செய்யுங்கள், பத்து நாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இன்றைக்கே ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்.