ஊசி போட்டால்தான் சம்பளமா? (வாசகர் கடிதம்)

வணக்கம் ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2021 கடைசியில் எங்கள் கம்பெனியில், "கோவிட் தடுப்பூசி சர்ட்டிபிகேட் காட்டினால்தான் இந்த வாரச் சம்பளம்" என்று சொல்லிவிட்டார்கள். விருப்பமில்லாமல்தான் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் காய்ச்சல், மூன்று நாள் கூலி போச்சு. மற்றபடி பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. என் உடம்பில் எதை ஏற்றுவது என்று ஒரு சூப்பர்வைசர் எப்படி முடிவு செய்யலாம்? உச்ச நீதிமன்றமே கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2022இல் சொல்லிவிட்டது.

என் அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். "2021 மே மாதம் நாங்கள் பார்த்ததை நீ பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டாய், இது சுயநலம்" என்கிறார். இதனால் எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. அதற்கப்புறம் எனக்கு எந்த ஊசி மேலும் நம்பிக்கை வரவில்லை. என் மகளுக்கு இப்போது மூன்று வயது. ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசியை இன்னும் போடவில்லை. நாளைக்கு இன்னொரு பெருந்தொற்று வந்தால் நீங்கள் யார் பக்கம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் இடம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தீர்ப்பு. குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு 2022 மே 2 அன்று வழங்கியது. நீங்கள் சொல்வது அதில் இருக்கிறது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்படி ஒருவரின் உடல் அவருடையது, யாருக்கும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. பொதுச் சுகாதாரத்துக்காகத் தனிமனித உரிமைகள் மீது அரசு வரம்பு விதிக்கலாம் என்றும் சொன்னது. அந்த வரம்புக்குச் சட்டத்தின் அடிப்படை இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் வகுத்த அளவுகோல்தான் இது.

அப்படியானால் ஊசி போடாதவர்கள் மீதான தடைகள் ஏன் தவறு என்றார்கள்? போட்டவரைவிடப் போடாதவரால் தொற்று அதிகம் பரவுகிறது என்பதற்கு எந்த அரசும் தரவு தரவில்லை. ஒமைக்ரான் வந்தபின் இருந்த நிலை அது. இருவரும் ஒரே மாதிரி பரப்புகிறார்கள் என்றால் ஒருவரை மட்டும் கடைக்குள் விடமாட்டேன் என்பதில் நியாயமில்லை. அதே தீர்ப்பு, மத்திய அரசின் தடுப்பூசிக் கொள்கை தன்னிச்சையானது அல்ல என்றும் சொன்னது. பின்விளைவுகளை மக்களும் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவு செய்ய வசதி வேண்டும், அந்த விவரங்கள் பொதுவெளியில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆக, அந்த நேரத்து நோய்க்கும் அந்த நேரத்து ஊசிக்கும் தரப்பட்ட பதில் அது. எல்லாத் தொற்றுக்கும் எல்லாக் காலத்துக்கும் கட்டாயமே கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

அக்கா பேசுவது எதைப் பற்றி என்று உங்களுக்கும் தெரியும். 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. உள்ளே நோயாளி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர். ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ராத்திரியெல்லாம் மக்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த வார்டுகளில் நின்றவர், ஊசி போட மறுத்தவர் நோயோடு வந்து படுத்தால் இன்னொருவருக்குப் படுக்கை இல்லாமல் போகும் என்று சொன்னால் அதை வெறும் வாதம் என்று தள்ள முடியாது. நோய் என் உடம்பில் இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும் படுக்கை எல்லோருக்கும் பொதுவானது.

ஆனால் அக்காவிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த மே மாதத்தில் ஊசி எங்கே இருந்தது? 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மே 1 முதல் என்று மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு அதை முதல்வர் தொடங்கிவைத்ததே மே 20 அன்று, உங்கள் திருப்பூரின் நேதாஜி அப்பேரல் பார்க்கில்தான். அதற்குப் பிறகும் பல வாரங்கள் மக்கள் விடிகாலையில் டோக்கனுக்கு நின்றுவிட்டு, "ஸ்டாக் இல்லை" என்ற பதிலோடு திரும்பிப் போனார்கள். தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற உத்தரவு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் இங்கே வந்தது 2021 நவம்பரில். அப்போது அலை ஓய்ந்திருந்தது. படுக்கைகள் காலியாகத்தான் இருந்தன. உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஊசி கொடுக்க முடியாத அரசு, ஊசி குவிந்த பிறகு கட்டாயத்தை எடுத்துக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் பயமும் சேர்ந்துகொண்டது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் பலருக்கும் முன்னால் ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்துபோனார். அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு சொல்லத்தான் செய்தது. ஆனால் சொன்னது அக்டோபரில். ஆறு மாதம் வாட்ஸ்அப்பின் கையில் விட்டுவிட்டு அப்புறம் வரும் அறிக்கையால் யாருடைய பயம் தீரும்?

அந்த அக்டோபரில் எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த ஒரு முகாமில் உட்கார்ந்திருந்தேன். ரேஷன் கடைத் திண்ணையில் கிராம சுகாதாரச் செவிலியர் நோட்டும் நீலநிற வேக்சின் பெட்டியுமாக இருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா வந்து நின்று, "ஊசி போட்டுக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துட்டா கூலி யார் சாமி குடுப்பா?" என்று கேட்டார். அறிவியல்மீது அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, உரிமை பற்றியும் பேசவில்லை. செவிலியரிடம் பதில் இல்லை. ஒரு பட்டை பாரசிட்டமாலைக் கவரில் போட்டு, மேலே தன் செல்போன் நம்பரை எழுதி, "ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடுங்க" என்று கொடுத்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டிவிட்டார்.

நீங்கள் இழந்த மூன்று நாள் கூலியும் இதே கேள்விதான். கட்டாயத் தடுப்பூசி பற்றிய விவாதத்தில் இதை யாரும் முன்னால் வைப்பதில்லை. எல்லோருடைய நன்மைக்காக ஒருவர் ஒரு சிறு ஆபத்தை ஏற்க வேண்டும் என்று அரசு சொல்லலாம். சில நோய்களில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்ன வாயால், அதில் உனக்கு நஷ்டம் வந்தால் நான் பொறுப்பு என்றும் சொல்ல வேண்டும். நம் அரசுகள் தவறியது இந்த இடத்தில்தான்.

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் ஒன்று இருக்கிறது. கோவிட் தடுப்பூசிக்குப் பின் இறந்துபோன இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் இழப்பீடு கேட்டுப் போன வழக்கு அது. அரசின் பதில் என்ன தெரியுமா? தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சட்டப்படி யாருக்கும் கட்டாயம் இல்லை, அவரவர் விருப்பப்படி போட்டுக்கொண்டார்கள், இழப்பீடு வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். டெல்லியின் காகிதத்தில் கட்டாயமே இல்லை. ஆனால் மாநிலத்தின் உத்தரவில் இருந்தது, உங்கள் சூப்பர்வைசரின் வாயிலும் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் உங்களுடையதற்குக் குறைந்ததல்ல.

மிக அரிதாகத்தான் ஊசியால் உயிர்ச்சேதம் நடக்கிறது. கோடிக்கணக்கானவர்களை அது காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரிது என்பதனால்தான் ஈடு செய்வது அரசுக்கு எளிது. பிரிட்டன் 1979இலேயே சட்டம் போட்டது. தடுப்பூசியால் கடுமையாக ஊனமுற்றவருக்கு இன்று 1,20,000 பவுண்டு கிடைக்கும். அங்கே தடுப்பூசி கட்டாயம்கூட இல்லை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில், தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் என்று ஒவ்வொரு டோஸிலும் வரி எடுத்து ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரமாணப் பத்திரம் தாக்கலான நாளில் இந்தியாவில் இப்படி எதுவும் இல்லை.

அரசின் கையில் இந்த அதிகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1902இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியபோது, அம்மை குத்திக்கொள்ளாதவர்களுக்கு 5 டாலர் அபராதம் என்றார்கள். ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். சிறுவயதில் அம்மை குத்தியதால் கடுமையாக அவதிப்பட்டதாகச் சொன்னார். 1905இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நான் அந்தத் தீர்ப்பை ஏற்கிறேன். பெரியம்மை பத்தில் மூன்று பேரைக் கொல்லும் நோய், அந்த ஊசி பரவலை உண்மையாகவே நிறுத்தியது, மறுத்தவருக்குக் கிடைத்தது அபராதம்தான், யாரும் கையைப் பிடித்துக் குத்தவில்லை. ஆனால் 22 ஆண்டுகள் கழித்து, 1927இல், கேரி பக் என்ற பெண்ணுக்கு அவர் சம்மதமில்லாமல் கருத்தடை செய்ய வர்ஜீனியா மாநிலத்துக்கு அதே நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. கட்டாய அம்மை குத்தலைத் தாங்கும் கொள்கை இதையும் தாங்கும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்நாட்டில் அப்படிக் கருத்தடை நடந்தது. நம் நெருக்கடி நிலைக் காலத்தில் ஆள் பிடித்துக்கொண்டுபோய் அறுவை செய்ததை மறந்துவிடவில்லை அல்லவா? உடம்பின் மீதான அதிகாரத்தை ஒரு காரணத்துக்காகக் கொடுத்தால், வேறு காரணத்துக்கு அதை நீட்டிக்க ஆள் தயாராக இருப்பார்.

சரி, நான் யார் பக்கம் என்று கேட்டீர்கள். பரவலை நிறுத்தும் ஊசி இருந்து, நோயும் கொடியது என்றால் கட்டாயத்தை ஆதரிப்பேன். ஆனால் அதைச் சட்டமன்றம் விவாதித்துச் சட்டமாக்க வேண்டும். ஊசி இலவசமாகவும் பக்கத்திலேயேயும் கிடைக்க வேண்டும். உடல்நிலை காரணமாக மருத்துவர் வேண்டாம் என்றால் விலக்கு வேண்டும். காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, சேதத்துக்கு நீதிமன்றப் படியேறாமல் இழப்பீடு. மறுப்பவருக்கு அபராதம் போதும். செய்த வேலைக்கான கூலியை நிறுத்திவைக்கும் உரிமை எந்த முதலாளிக்கும் கிடையாது, எந்தத் தொற்றிலும் கிடையாது.

அக்காவின் வேலைக்கு மட்டும் இன்னும் ஒரு படி மேலே போவேன். புற்றுநோய் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேலை பார்ப்பவர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது சரியே. 2022 ஜனவரி 13 அன்று, பெரிய கம்பெனிகளின் தொழிலாளர்கள் அனைவருக்கும் ஊசி அல்லது வாராந்தரப் பரிசோதனை என்ற விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதே நாளில் மருத்துவப் பணியாளர்களுக்கான கட்டாயத்தை அனுமதித்தது. பனியன் மடிப்பவரையும் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கட்டாயம் இல்லாமலே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் நாம் பார்த்தோம். 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டில் முதலாவது மெகா முகாம் போட்டார்கள். இலக்கு 20 லட்சம், ஒரே நாளில் போட்டது 28 லட்சத்துக்கும் மேல். ஊசி ஊருக்குள் வந்ததும் மக்கள் வந்தார்கள்.

இனி உங்கள் மகள். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒன்றரை வயதில் போட வேண்டியது தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, கூடவே முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர். மேலே கோவிட் ஊசி பற்றிச் சொன்ன எந்தத் தயக்கமும் இதற்குப் பொருந்தாது. தட்டம்மை ஊசி நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் 1985 முதல் இருக்கிறது. அது பரவலையே நிறுத்தும். தட்டம்மை வந்த ஒரு குழந்தையிடமிருந்து தடுப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்குப் போகும். அந்தக் குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கும். நூற்றுக்கு 95 குழந்தைகளுக்காவது இரண்டு தவணையும் போட்டால்தான் பரவல் நிற்கும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இந்த ஊசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். 2022இல் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள், அவர்களில் பலர் ஊசி போடாதவர்கள்.

உங்கள் உடம்பு உங்களுடையது என்றால் அவள் உடம்பு அவளுடையது. மூன்று வயதில் அவளால் வாதாட முடியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஏப்ரலில், பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்த செக் நாட்டுப் பெற்றோர் வழக்கில் 16க்கு 1 என்று சொன்னதும் இதைத்தான்: இங்கே குழந்தையின் நலன்தான் முன்னால் வரும். கம்பெனி உங்களுக்குச் செய்ததற்கான தண்டனையை அவள் அனுபவிக்கக் கூடாது.

தட்டம்மை ஊசியை ஐந்து வயதுவரை போடலாம், இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மற்ற ஊசிகளில் எது விட்டுப்போனது என்று அட்டையைப் பார்த்து அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள். காய்ச்சல் வந்தால் கொடுக்கப் பாரசிட்டமால் எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் புதன் முடியாவிட்டால் அடுத்த புதன், அதையும் தள்ளிப்போட வேண்டாம்.