ஏழாவது தட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு வணிகப் பூங்காவில் மென்பொருள் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் வளாக உணவகத்தை அண்மையில் மாற்றி அமைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் பெரிய தட்டில் வேண்டியதைப் போட்டுக்கொள்வோம். இப்போது சோறு முதல் பழம் வரை எல்லாமே உள்ளங்கை அகலத் தட்டுகளில், நாலைந்து வாய்க்குமேல் வராத அளவில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. காசு கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஆறு, ஏழு தட்டு எடுத்தால் திரும்பிப் பார்க்கிறார்கள். வெட்கப்பட்டு மூன்று தட்டோடு எழுந்துவிடுகிறேன். நான்கு மணிக்குப் பட்டினி கிடக்கிறேன். சகாக்கள் எல்லாத் தட்டுகளையும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். எச்சில் என்பதால் நான் தனியாக உட்கார்ந்துகொள்வேன்.

எங்களைக் குறைவாகச் சாப்பிட வைக்கும் தந்திரமா இது? சாம்பார் சாதத்தை ஒரு கிண்ணத்தில் மூன்று கரண்டி வைத்து, மேலே ஒற்றைக் கறிவேப்பிலையைச் செருகுவது நம் உணவுக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா? உணவைப் பற்றிப் படிக்க நல்ல நூல்கள் சொல்வீர்களா?

பி.கு.: மாற்றம் வேண்டுமென்று உணவகத்தாருக்கு எழுதலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

ஒருவர் தம் பசியின் அளவைப் பிறர் முன்னிலையில் எப்படித் தெரிவிக்கிறார், அல்லது தெரிவிக்காமலேயே எழுந்து போகிறார் என்பதைப் பற்றிச் சில காலமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இதற்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

கறிவேப்பிலையை முதலில் தள்ளிவைப்போம். சாம்பார் சாதம் விமானப் பயணிகளின் தகரப் பெட்டிகளிலேயே பிழைத்துக்கொண்டது. அதற்காக நீங்களும் நானும் வழக்காட வேண்டியதில்லை. நூல் பட்டியலும் இப்போது வேண்டாம். பக்கத்து மேசையில் உட்காராமல் உணவைப் பற்றிப் படிக்கப் புறப்படுவது எனக்கு உவப்பானதாக இல்லை.

'பட்டினி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் வேலை செய்யும் கட்டடத்துக்கு அடுத்த மனையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால், உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளே அங்கே கட்டுமானத் தொழிலாளர்களாக இருக்கக்கூடும். விடுதிக்கு வெளியே விடியலுக்கு முன் சமைத்துக் கட்டிய பொட்டலத்தை நண்பகல் வெயிலில் அவிழ்த்து, குழம்பு புளித்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடும் நிலை அவர்களில் பலருக்கு உண்டு. இலவசமாக வைத்திருக்கும் நான்காவது தட்டை எடுக்கக் கூச்சப்பட்டவருக்கு நேர்வது வேறு. அது கூச்சம். கூச்சத்தைப் பற்றிப் பேசலாம். அது சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

தந்திரமா என்றால், ஓரளவு ஆம். பெல்ஜியத்து அறிஞர் டெல்பூஃப் 1865இல் ஒரு கண்மயக்கத்தை விளக்கினார். ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களில் ஒன்றைப் பெரிய வளையத்துக்குள்ளும் மற்றொன்றைத் தன்னை ஒட்டிய வளையத்துக்குள்ளும் வைத்தால், முதலாவது சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் தோன்றும். வளையத்தைத் தட்டென்றும் வட்டத்தைச் சோறென்றும் வைத்துக்கொண்டால், சிறு தட்டில் அதே சோறு நிறைவாகத் தெரிய வேண்டும். பெருநிறுவன வளாகங்கள் இந்த நம்பிக்கையை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டன. பெரிய தட்டில் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்ததும் சிறு தட்டு எடுப்போர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானதாக, கூகுளில் மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் எழுதியிருக்கிறார். அதே நிறுவனம் நியூயார்க் அலுவலகத்தில் சாக்லேட் மிட்டாய்களை உள்ளே இருப்பது தெரியாத ஜாடிகளுக்கு மாற்றியபோது, 7 வாரங்களில் 31 லட்சம் கலோரி குறைந்ததாகக் கணக்குச் சொன்னது. உங்கள் உணவகத்தை மாற்றியமைத்தவர்களும் இத்தகைய கதைகளைக் கேட்டிருப்பார்கள். அதோடு, அளந்து வைத்த தட்டுகளில் வீணாவது குறையும், வரிசை வேகமாக நகரும் என்ற சமையல்கூடக் கணக்கும் சேர்ந்திருக்கும்.

ஆனால் இந்த அறிவியலின் கால்கள் அத்தனை உறுதியானவை அல்ல. தட்டு, கிண்ணம் ஆகியவற்றின் அளவு உண்ணும் அளவைக் கூட்டிக் குறைக்கிறது என்பதை உலகமெங்கும் பரப்பிய கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க்கின் 6 கட்டுரைகளை, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ்கள் 2018 செப்டம்பரில் ஒரே நாளில் திரும்பப் பெற்றன. பரிமாறும் கிண்ணத்தின் அளவைப் பற்றி 2005இல் வெளிவந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. அவர் ஆய்வு நெறிகளை மீறினார் என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. அதே 2018இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில மணி நேரம் சாப்பிடாதவர்களையும் சாப்பிட்டவர்களையும் அழைத்து, வெவ்வேறு அளவுத் தட்டங்களில் வைத்த பீட்சாவின் அளவை ஒப்பிடச் சொன்னார்கள். பசித்தவர்கள் அளவை மற்றவர்களைவிடச் சரியாகக் கண்டுகொண்டார்கள். உணவல்லாத வெறும் வட்டங்களைக் காட்டியபோது மட்டும் இரு தரப்பாரும் ஒரேபோல் ஏமாந்தார்கள்.

ஆகவே உங்கள் கண்ணை அந்தச் சிறு தட்டு ஏமாற்றவில்லை. மூன்று தட்டு போதாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது; தெரிந்தே எழுந்து போகிறீர்கள். பெரிய தட்டில் எவ்வளவு குவித்தாலும் அது ஒரு தட்டுதான், ஒருமுறை நடந்துவிட்டால் முடிந்தது. சிறு தட்டிலோ ஒவ்வொரு நான்கு வாய்க்கும் ஒருமுறை எழ வேண்டும், காலித் தட்டுகள் மேசைமேல் அடுக்காக நின்று கணக்குச் சொல்லும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்று ஆனபிறகு, இந்த ஊரில் யாரும் காலித் தட்டை விட்டுவிட்டு நழுவுவதில்லை. உங்கள் ஏழு தட்டுகளையும் நீங்களே ஏந்திக்கொண்டு, எல்லோர் முன்னாலும் நடந்துபோய் வைக்க வேண்டும். தந்திரம் வேலை செய்கிறதென்றால் அது செய்வது உங்கள் வெட்கத்தின் வழியாகத்தான். இதை அமைத்தவர்கள் எண்ணிச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். விளைவு ஒன்றுதான்.

பரிமாறுவதில் தேர்ந்தவர்களுக்கு இந்த வெட்கம் நன்றாகத் தெரியும். இளம் வயதில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் நான் வாளி தூக்கியிருக்கிறேன். எங்களை வரிசைக்கு அனுப்புமுன் ஒரு பெரியவர், "முகத்தைப் பார்க்காதே, இலையைப் பார்" என்பார். முகத்தைப் பார்த்தால் அவர்கள் மரியாதைக்காக வேண்டாம் என்பார்கள், நீயும் மரியாதைக்காக நகர்ந்துவிடுவாய் என்பது அவர் வாதம். இலைக்குக் குறுக்கே நீட்டிய கையை அவர் எங்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கை இலையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருந்தால் உண்மையிலேயே போதும். ஒரு சாண் உயரத்தில் தயங்கி நின்றால் இன்னும் அரைக் கரண்டிக்கு இடமிருக்கிறது. விரல்கள் விரிந்திருந்தால் தயங்காமல் ஊற்று. சாம்பார் தீர்ந்த இலையில் சோறு மிச்சமிருந்தால், கேட்பதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். கேட்க வைப்பது பரிமாறுகிறவனுக்கு இழுக்கு என்பதில் அவர் கண்டிப்பானவர். யாராவது வாய்திறந்து "தம்பி, கொஞ்சம் ரசம்" என்று கூப்பிட்டுவிட்டால், அந்த வரிசையில் நின்றவனுக்கு அன்று நல்ல திட்டு உண்டு.

உங்கள் உணவகத்தில் அப்படி ஒருவரை வேலைக்கு வைக்க முடியாது. ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். எச்சில் என்று சொல்லி நீங்கள் விலகி உட்கார்ந்தீர்களே, அந்த மேசையில். இந்த இடத்தில் உங்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

சிறு தட்டு வழக்கத்தில் இருக்கும் பல இடங்களில் அது மேசைக்கு உரியது; தனி ஆளுக்கு உரியதல்ல. டிம்சம் என்னும் சிறு பண்டங்களை விற்கும் கான்டனீஸ் சீனக் கடையில் ஒரு மூங்கில் கூடையில் மூன்றோ நான்கோ உருண்டைகள் இருப்பது, ஆளுக்கு ஒன்று வரட்டும் என்பதற்காக. ஸ்பெயினில் தப்பாஸ் என்னும் சிறு பண்டத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மேற்குச் சுமத்ராவின் பாடாங் உணவகங்களில், பரிமாறுபவர் ஒரே கையில் தோள்வரை தட்டுகளை அடுக்கி எடுத்து வந்து, ரெண்டாங், மீன், கீரை, சம்பால் என்று எல்லாவற்றையும் மேசை முழுக்கப் பரப்பிவிட்டுப் போவார். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும் காசு, தொடாத தட்டு திரும்பிப் போகும். அங்கே ஒருவர் எத்தனை தட்டு சாப்பிட்டார் என்ற கேள்வி எழுவதேயில்லை. நான்குபேர் மேசையில் இருபது தட்டு இருந்தால், அதில் உங்கள் பங்கு மூன்றா ஏழா என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் உங்கள் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து ஒரு துண்டு மீனை நகர்த்தி வைப்பார். அந்தப் பெரியவர் வாளியோடு செய்ததை அவர் கரண்டியால் செய்கிறார்.

எச்சில் என்பது உங்களுக்கு ஒவ்வாதென்றால் நான் அதைக் கேலி செய்யமாட்டேன். என் தாயார் கடைசிவரை தம்ளரை அண்ணாந்துதான் குடித்தார். ஆனால் அதற்குத் தீர்வு ஒரு பொதுக்கரண்டி. சீனக் குடும்ப மேசைகளிலும் பொது உணவுக்கென்று தனியாக ஓர் இணை உணவுக் குச்சிகளோ கரண்டியோ வைப்பவர்கள் பலர். கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நீங்கள் கேட்டுப் பார்க்கவே இல்லை. கரண்டி கேட்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, அதற்கு ஆசாரம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். இந்த ஊரில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு சிறு தட்டுதான். உங்கள் குழுவிலேயே பன்றியிறைச்சி தொடாத மலாய் நண்பர், மாட்டிறைச்சி தொடாத இந்து, வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சீன பௌத்த அம்மையார் எல்லோரும் இருக்கக்கூடும். ஒரே பெரிய தட்டில் குழம்புகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். தனித்தனித் தட்டென்றால் எது எங்கே முடிகிறது என்பது தெளிவு. தனக்கு ஆகாததை ஒருவர் ஓசையில்லாமல் தாண்டிப் போகலாம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனித் திருப்பும் அடுக்கு வைத்துப் பழகிய ஊர் இது. இங்கே உங்களுக்குத் தனி மேசை தேவைப்படுகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உணவகத்தாருக்குத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் தட்டைப் பெரிதாக்கச் சொல்லி எழுதாதீர்கள். சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும் ஒற்றை இருக்கைகள் கட்டாயம் அங்கே இருக்கும். அவற்றைக் குறைத்து ஆறுபேர் மேசைகளைக் கூட்டச் சொல்லுங்கள், மேசைதோறும் பொதுக்கரண்டிகள் கேளுங்கள். அதைவிட முக்கியமான ஒன்றை நீங்களே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: சோறும் சிறு தட்டில் வருகிறது. உங்கள் நான்கு மணிப் பசிக்குக் காரணம் அதுதான். பாடாங் மேசையில் சிறு தட்டில் வருவது தொடுகறி. சோற்றைத் தேவைக்கேற்ப மேலும் மேலும் கேட்டு வாங்கலாம். நம் இலையிலும் ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல் எல்லாம் மேற்பாதியில் சிட்டிகை சிட்டிகையாகத்தான் விழுகின்றன. கீழ்ப்பாதியில் சோறு மட்டும் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று வந்துகொண்டே இருக்கும். தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு புரதம், கால் பங்கு முழுத் தானியம் என்று சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இலிருந்து காட்டிவரும் படம் உங்கள் உணவகச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கலாம். அதில்கூட அந்தக் கால் பங்கு, ஒரு முழுத் தட்டின் கால் பங்கு. தொடுகறியின் அளவில் சோற்றையும் அளந்து வைத்தவருக்கு இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதே புரியவில்லை.

மற்றவற்றை அவர்கள் செய்தாலும் செய்யாவிட்டாலும், சோறு மட்டும் மூடியிட்ட பெரிய பாத்திரத்தில், அகப்பையோடு, மேசைகளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அழுத்தி எழுதுங்கள். உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள். என்னிடம் மறைத்ததுபோல் அங்கேயும் மறைக்க வேண்டாம். அந்த மேசைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. கையெழுத்து வாங்குவதற்காவது அவர்களோடு ஒருநாள் உட்கார வேண்டியிருக்கும்.

அன்புடன்.