மரம் வளர்த்து வெட்டினால் ஊருக்கு நல்லதா, கெட்டதா?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எனக்கு 3 ஏக்கர் கொல்லை இருக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். சவுக்கு வைக்கலாமென்றால், "வெட்டுவதற்கென்று மரம் வளர்ப்பது பாவம், கிணறும் வற்றிப்போகும்" என்கிறார் பெரியப்பா. என்ன செய்யட்டும்?

பதில்: பெரியப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்த மரமும் தண்ணீர் குடிக்கும். நெருக்கி நட்ட தைலமரம் நிறையவே குடிக்கும், அதைக் கிணற்றோரம் வைக்காதீர்கள். ஆனால் வெட்டுவது பாவம் என்பதை நான் ஏற்கமாட்டேன். மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் மொட்டையடிப்பதுதான் தப்பு.

வருஷத்துக்கு ஒரு ஏக்கராக நடுங்கள். 5 அடிக்கு 5 அடி விட்டால் ஏக்கருக்கு 1,742 கன்று பிடிக்கும். முதல் கோடையைத் தண்ணீர் ஊற்றித் தாண்டவைத்தால் 3, 4 வருஷத்தில் வெட்டுக்கு வரும். முதல் ஏக்கர் விழும்போது மற்ற இரண்டும் நிற்கும். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே கன்று வையுங்கள், நாட்டுச் சவுக்கை வெட்டினால் நம்பும்படி துளிர்க்காது.

ஐப்பசி மழையில் உங்கள் கொல்லைச் செம்மண் குழம்பாகி ஓடையில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏரியில் போய்த்தான் வண்டலாகப் படிகிறது. நாலு வயசுச் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து தரையைக் கீறிப் பாருங்கள். மேலே மெத்தைபோல ஊசிச் சருகு, அடியில் நூல்நூலாக வேர் பின்னிய, பொலபொலத்த கறுப்பு மண். அந்த மெத்தை மழையின் அடியைத் தாங்கித் தண்ணீரை மெல்ல உள்ளே விடும். வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தும் (நைட்ரஜன்) பிடித்துத் தரும். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி வைத்தால் மழைத்தண்ணீர் கொல்லையிலேயே நிற்கும்.

வெட்டு நாளில் ஊருக்கு வேலை கிடைக்கும். கழி சாரம் கட்டவும் சென்ட்ரிங் முட்டுக்கும் போகும், தடித்தது காகித ஆலைக்குப் போகும். மிளாறை, அதாவது சுள்ளியை, ஊர்ப் பெண்கள் பொறுக்கிக்கொள்ளட்டும். சருகை மட்டும் ஒட்ட வாரவிடாதீர்கள், அதுதான் மண்ணுக்குச் சோறு. உங்கள் கொல்லையில் விறகு கிடைத்தால் ஜவ்வாது மலையில் அத்தனை மரம் பிழைக்கும். எனக்கு இதுவே பெரிய நன்மையாகப் படுகிறது.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, காற்றிலிருந்து அது பிடித்த கரிச்சத்துதான் (கார்பன்). அடுப்பில் வைத்தால் உடனே காற்றுக்குத் திரும்பிவிடும். கதவாகவோ கட்டிலாகவோ ஆனால் பல வருஷம் வீட்டிலேயே தங்கும். அதனால் வரப்போரம் மலைவேம்பு, வேங்கை வையுங்கள். வேம்பு, புங்கன், புளி நாலைந்தை வெட்டாமலே விடுங்கள். சவுக்குத் தோப்பு காடாகிவிடாது. குருவிக்கும் தேனீக்கும் பூவும் பழமும் வேண்டுமே.

உங்கள் நிலம் மலையை ஒட்டியிருப்பதால் 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறதா என்று நடுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். சந்தனம், செம்மரம் ஆசை இருந்தால் அதன் விதிகளையும் அங்கேயே விசாரியுங்கள். நட்ட கையோடு வி.ஏ.ஓ.விடம் சொல்லி அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கில்) மரங்களை ஏற்றிவிடுங்கள்.