பெஞ்சில் இருப்பவர் – கடிதம்

அன்புள்ள சார்,

சார்லட் நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் அணி கரோலினா பாந்தர்ஸ். 2023 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்போது, முதல் ஆளாக பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எடுத்தார்கள். அந்த ஒரு இடத்துக்காக டி.ஜே. மூர் என்ற நல்ல ஆட்டக்காரரையும் அடுத்த ஆண்டுகளின் தேர்வுகளையும் சிகாகோ அணிக்குத் தாரைவார்த்தார்கள். முதல் ஆண்டு 2 வெற்றி, 15 தோல்வி. 2024இல் முதல் இரண்டு ஆட்டம் தோற்றதும் அவரை உட்கார வைத்துவிட்டு ஆண்டி டால்டனை இறக்கினார்கள். பிறகு திரும்பவும் அவரே வந்தார். இன்றைக்கும் ஒரு ஆட்டத்தில் அவர் சொதப்பினால் எங்கள் வாட்ஸாப் குழுவில் ‘அந்தக் குள்ளனைத் தூக்கு’ என்று ஆரம்பித்துவிடுவோம். நானும்தான். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவனுக்குக் கேட்க உரிமை உண்டல்லவா? என் மகன் மட்டும் 9ஆம் எண் ஜெர்சியைக் கழற்றாமல் அவருக்காகச் சண்டை போடுகிறான். சரியாக ஆடாத குவார்ட்டர்பேக்கை மாற்றுவதா, பொறுத்துப்போவதா? பேசாமல் அதே டிராஃப்டில் இருந்த சி.ஜே. ஸ்ட்ரௌடை எடுத்திருக்கலாமோ?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

விளையாட்டுக் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. கிரிக்கெட் கடிதங்களே பெட்டி நிறையக் கிடக்கின்றன. உங்களுக்கு எழுதக் காரணம், கொஞ்ச நாளாக டைராட் டெய்லர் என்ற மனிதரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2025 நவம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸை உட்கார வைத்துவிட்டு 36 வயது டெய்லரை இறக்கியதே, அன்றிலிருந்து. அவர் உங்கள் அணிக்காரர் அல்ல. இருந்தாலும் கேளுங்கள்.

அதற்கு முன்னால் அந்தச் சொல். குள்ளன். பிரைஸ் யங்கின் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுத்தால் பின்வரிசைக்குப் போகச் சொல்வார்கள். உங்கள் உயரம் என்ன, செந்தில்? மலை மாதிரி நாலு பேர் தன் மேல் வந்து விழப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே, மூன்று நொடிக்குள், தூரத்தில் ஓடுகிறவன் கையில் பந்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கின் வேலை அதுதான். அது அவருக்குச் சரியாக வராமல் போகலாம். அதைச் சொல்லுங்கள். சோபாவில் சாய்ந்துகொண்டு ஒருவனுடைய உடம்பைச் சொல்லித் திட்டுவது என்ன பழக்கம்? அந்த ஊரில் எவனாவது உங்கள் நிறத்தைப் பற்றி அரைச் சொல் சொல்லிவிட்டால் எனக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதுவீர்கள். உங்கள் பையன் உங்களைவிட ஒழுங்காக வளர்கிறான் என்று தெரிகிறது. அவனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

டிக்கெட் காசு கொடுத்தவர் கத்தலாம், தாராளமாக. ஸ்ட்ரௌட் விஷயம் முடிந்த கதை, விடுங்கள்.

இனி டெய்லர். 2017இல் நான் பஃபலோ பக்கத்தில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தேன். மைத்துனர் சாதுவான மனிதர், பஃபலோ பில்ஸ் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகள் தவிர. அந்த அணி 1999க்குப் பிறகு ஒரு முறைகூட பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) பக்கம் போகவில்லை. ஊரே அந்த ஏக்கத்தில் கிடந்தது. அந்த ஆண்டு நவம்பர் நடுவில் கணக்கு 5 வெற்றி, 4 தோல்வி. மோசமே இல்லை. ஆனால் கடைசி இரண்டும் தோல்வி, அதில் ஒன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் 47-10. (2024இல் யங்கை உட்கார வைப்பதற்கு முன்னால் உங்கள் அணி அதே செயின்ட்ஸிடம் தோற்றதும் 47-10. ரசிகர்களுக்குக் கிறுக்குப் பிடிக்க வைக்கும் எண் போலிருக்கிறது.) அந்த ஆட்டத்தில் டெய்லர் எறிந்து அணி முன்னேறியது மொத்தம் 56 கெஜம். எல்லாம் முடிந்த பிறகு, எதிரணி பாதி மூட்டை கட்டிய நேரத்தில், நேதன் பீட்டர்மன் என்ற புதுப் பையன் இறங்கி அழகாக ஒரு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தான். போதாதா? “பார்த்தீங்களா மாப்ளே, இவனைத்தானே நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன்” என்றார் மைத்துனர். அந்தப் பெயரை அவர் அதற்குமுன் சொல்லி நான் கேட்டதில்லை.

கோச் ஷான் மெக்டெர்மட்டும் அப்படித்தான் நினைத்தார். அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்கு எதிராகப் பீட்டர்மனை இறக்கினார். முதல் பாதியிலேயே 5 இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்து எதிரணி கைக்குப் போவது. முதலாவது பாவம், அவன் தப்பில்லை. சொந்த அணிக்காரர் கையில் பட்டுத் தெறித்துப் போய் எதிரணிக்கு டச்டவுன் ஆனது. மற்ற நாலும் அவனுடையவை. மூன்றாவது போனதும் மைத்துனர் ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். குக்கர் மூடியின் கேஸ்கெட்டைக் கழற்றி அதன் இடுக்கையெல்லாம் பழைய பிரஷ் போட்டுத் தேய்த்தார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, இந்த டீம் வாராவாரம் தோற்றால் நல்லது என்றார். இடைவேளையில் 37-7. இரண்டாம் பாதிக்கு டெய்லர் திரும்பி வந்தார். 54-24 என்று முடிந்தது.

அந்த ஆண்டு முழுக்க டெய்லர் கொடுத்த இன்டர்செப்ஷன் எத்தனை தெரியுமா? 4.

இதைத்தான் நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ‘மாற்றலாமா’ என்று கேட்கிற யாரும் ‘யாரை வைத்து’ என்று கேட்பதில்லை. ஆடுகிறவனுடைய ஒவ்வொரு தப்பும் நமக்கு மனப்பாடம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் கையில் தொப்பியும் காதில் ஹெட்செட்டுமாகச் சுத்தமாக இருக்கிறான். ஆடாதவன் தோற்பதில்லை. அவன் மேல் நாம் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ரசிகன் எழுதிக்கொண்டால் குற்றமில்லை, கோச்சும் எழுதிக்கொண்டால்தான் ஆபத்து. வாரம் முழுக்கப் பயிற்சியில் இருவரையும் பார்க்கிறவர் அவர். போன வாரம் ஜெயித்திருந்தாலும் இவனைத்தான் இறக்கியிருப்பேன் என்று அவரால் சொல்ல முடிந்தால் மாற்றட்டும். 47-10 என்ற எண்ணின் கோபத்தில் மாற்றுவது தண்டனை கொடுப்பது. அதனால் அணிக்கு ஒரு கெஜம்கூடக் கிடைக்காது.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மகா நட்சத்திரமான டாம் பிரேடி கதையை எடுத்துக்கொண்டு வராதீர்கள், வருவீர்கள் என்று தெரியும். 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து அணியின் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோவை யாரும் மாற்றவில்லை. எதிரணிக்காரர் இடித்ததில் உடம்புக்குள் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். 199ஆவது தேர்வாக வந்த பிரேடி அந்த இடத்தில் நின்றார். கோச் பெலிசெக் முடிவெடுத்தது பிளெட்சோ குணமாகித் திரும்பிய பிறகு, பிரேடி பல வாரம் ஆடிக் காட்டிய பிறகு. அந்த ஒரு கதையைக் கேட்டுக் கெட்டுப்போன ரசிகர்கள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பிரேடி ஒளிந்திருக்கிறானாம். டெனசி டைட்டன்ஸ் 2019இல் தன் குவார்ட்டர்பேக் மாரியோட்டாவை மாற்றியது நல்ல மாற்றம், ஒத்துக்கொள்கிறேன். வந்தவர் ரயன் டானஹில், மயாமியில் பல ஆண்டு ஆடிய தெரிந்த ஆள்.

டெய்லருக்கு வருவோம். அடுத்த வாரமே கான்சஸ் சிட்டியில் 16-10 என்று ஜெயித்துக் கொடுத்தார். பில்ஸ் 9-7 என்று முடித்தது. ஆனாலும் பிளேஆஃப் அவர்கள் கையில் இல்லை, டிசம்பர் 31 அன்று பால்டிமோர் தோற்க வேண்டும். 44 நொடி மிச்சம், நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு), இன்னும் 12 கெஜம் வேண்டும். சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் 49 கெஜத்துக்கு ஒரு டச்டவுன் எறிந்து பால்டிமோரைக் கவிழ்த்தார். 17 ஆண்டு ஏக்கம் தீர்ந்தது. பஃபலோக்காரர்கள் அந்த மனிதரின் அறக்கட்டளைக்கு ஆளுக்கு 17 டாலர் என்று அனுப்பிக் குவித்தார்கள். மைத்துனரும் அனுப்பினார். அந்தக் குவார்ட்டர்பேக் யார்? உங்கள் ஆண்டி டால்டன்தான்.

டெய்லருக்கு யாரும் 17 டாலர் அனுப்பவில்லை. ஜாக்சன்வில்லில் 10-3 என்று தோற்ற பிளேஆஃப் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் தலை தரையில் மோதி வெளியே போனார். மார்ச்சில் அவரை கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டு பஃபலோ ஜோஷ் ஆலன் என்ற புதிய குவார்ட்டர்பேக்கை எடுத்தது. நல்ல முடிவு, அதில் எனக்கு வழக்கில்லை. கிளீவ்லாந்தில் 2018 செப்டம்பர் 20 அன்று மறுபடியும் தலையில் அடி. பேக்கர் மேஃபீல்ட் என்ற புதியவர் இறங்கி 635 நாளுக்குப் பிறகு அந்த ஊருக்கு ஒரு வெற்றி கொடுத்தார். இடம் போயிற்று. பிறகு சார்ஜர்ஸ். 2020, அதே செப்டம்பர் 20. விலா எலும்பு வலிக்காக ஆட்டத்துக்கு முன்னால் அணி மருத்துவர் ஊசி போட, ஊசி நுரையீரலைக் குத்திவிட்டது. ஜஸ்டின் ஹெர்பர்ட் என்ற புதியவருக்கு ஆட்டம் தொடங்கும் நேரத்தில்தான் தகவல். இடம் போயிற்று. உடம்பு தேறியதும் டெய்லர்தான் ஆடுவார் என்று கோச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹெர்பர்ட் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு அணி, தன் ஆள் சரியில்லை என்று பெஞ்சைத் திரும்பிப் பார்த்தபோது அங்கே உட்கார்ந்திருந்தவர் டெய்லர். ஜெட்ஸ் ரசிகர்கள் அன்று அவரைப் பற்றி எழுதியதை வாசித்தேன். பதவிசான ஆள், பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வார், இவரை முதலிலேயே இறக்கியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. கண் கொஞ்சம் கலங்கவும் செய்தது, அதைக் குழுவில் சொல்லிவிடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்வி. 2024இல் டால்டனை இறக்கினார்களே, என்ன ஆயிற்று? முதல் ஆட்டம் ரெய்டர்ஸை 36-22 என்று ஜெயித்தார். ஊரே கொண்டாடியிருக்கும், நீங்கள் உட்பட. அடுத்த நாலும் தோல்வி. யங் திரும்பி வந்ததும் கோச் மனம் மாறி அல்ல, டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட்டதால். அதற்கப்புறம் யங் ஆடிய ஆட்டங்களைப் பாருங்கள். கான்சஸ் சிட்டியிடம் மூன்று புள்ளியில் தோல்வி, டாம்பாவிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி, கடைசியில் அட்லாண்டாவில் 44-38 என்று வெற்றி. இரண்டு ஆட்டத்தில் தூக்கியெறிந்த அதே ஆள்.

2023இல் அவரை 62 முறை பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு ராபர்ட் ஹண்ட், டேமியன் லூயிஸ் என்ற இரண்டு கார்டுகளை (குவார்ட்டர்பேக்குக்குக் காவலாக முன்வரிசையில் நிற்பவர்கள்) 15 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு பெரிய கடிதத்தில் அவர்கள் பெயர் ஒரு இடத்திலும் இல்லையே, செந்தில்? அடுத்த ஆட்டத்தில் ஒரு கால்மணி நேரம் பந்தைப் பார்க்காதீர்கள். முன்னால் நிற்கிற அந்த ஐந்து பேரை மட்டும் பாருங்கள். யார் வழி விட்டார், யார் தாங்கினார் என்று பையனை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியது யாரை என்று அதற்குப் பிறகு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.