கொழும்பில் குடியிருக்க வருகிறவருக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து

"வேலைக்காகக் கொழும்பு வரப்போகிறேன். துறைமுகம், லொறி, புகை என்று பயமுறுத்துகிறார்கள். அங்கே இருக்க முடியுமா? முதலில் இரண்டு நாள் வந்து பார்ப்பதென்றால் எங்கே போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கலாம். நான் 19 வருடமாக இருக்கிறேன். மலைநாட்டுத் தேயிலைப் பகுதியான மஸ்கெலியாவில் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்து, துறைமுகத்தில் சரக்கு வேலை பார்க்கும் வார்ஃப் கிளார்க் வேலை கிடைத்துக் கொட்டாஞ்சேனை இருக்கிற கொழும்பு 13க்கு வந்தவன்.

புகையைப் பற்றிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் போகிற வீதிகளில் கண்டெய்னர் லொறிகள் இரவெல்லாம் ஓடும். காலையில் ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துப் போகும். விரலில் தேய்த்துப் பார்த்தால் மண் மாதிரி உதிராது, எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டும். மூன்று வயதில் என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. வீதியோர வீட்டை விட்டு இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளிப் போனோம். நன்றாகக் குறைந்தது. அதனால் வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன், லொறி ஓடுகிற வீதி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அப்புறம், மழை நாளில் ஒருமுறை போய் வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

களனி கங்கைப் பக்கம், வெல்லம்பிட்டி, கொலன்னாவையில் வாடகை குறைவு. ஆனால் 2016 மே வெள்ளத்தில் அந்தப் பகுதிகள் மூழ்கின. அடுத்த வருடம், 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து 32 பேர் இறந்துபோனார்கள். நகரம் முழுவதும் கொட்டிய குப்பை அது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, வெள்ளவத்தையில் தமிழ் மட்டும் தெரிந்தாலே கடை, கோயில், வாடகை எல்லாம் நடக்கும். ஆனால் பஸ்ஸுக்கும் கந்தோருக்கும் (அலுவலகத்துக்கும்) கொஞ்சம் சிங்களம் பழகிக்கொள்ளுங்கள். பழகினால் ஊரே சுலபமாகிவிடும்.

இந்த ஊரை எனக்கு நெருக்கமாக்கியது வேறு ஒன்று. கொழும்புக் குடிநீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தலையில் சுத்திகரிப்பது. அந்த ஆற்றில் எங்கள் மஸ்கெலியா ஓயா என்கிற ஆறும் கலக்கிறது. சின்ன வயதில் நான் குளித்த தண்ணீர்தான் இங்கே குழாயில் வருகிறது. தேயிலையும் அப்படித்தான். 1883இலிருந்து தேயிலை ஏலம் கொழும்பில்தான் நடக்கிறது. வேலைக்கு வந்த முதல் மாதம் ஒரு தேயிலைக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். கூரை வரை கடதாசிச் சாக்குகள். மூன்றாவது அடுக்கில் எங்கள் தோட்டத்தின் பெயர் அச்சடித்திருந்தது. அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் கூடையில் போட்டது இங்கே வந்து கப்பல் ஏறுகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

சரி, இரண்டு நாளில் எதைப் பார்ப்பது? 2022இல் மக்களுக்குத் திறந்த தாமரைக் கோபுரத்தையும், கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் உண்டாக்கிய துறைமுக நகரத்தையும் யாரும் காட்டிவிடுவார்கள். கடலோரத் திடலான காலிமுகத்திடலில் ஒரு மாலை, இஸ்ஸோ வடையோடு (இறால் வடை), போதும். கோட்டையிலிருந்து கல்கிசைக்கு ரயிலில் வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல் பக்கத்திலேயே கூட வரும்.

ஒரு காலையை மட்டும் மொத்த வியாபாரக் கடைத்தெருவான புறக்கோட்டைக்குக் கொடுங்கள். நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் வெங்காயமும் பருப்பும் செத்தல் மிளகாயும் லொறியிலிருந்து இறங்கும். மூக்கைப் பொத்திக்கொண்டாலும் தும்மல் வரும். இங்கே மூட்டை தூக்குகிறவர்களை நாட்டாமை என்போம். நீளமான கைவண்டியில் ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கி, ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளுவார். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முன்னால் இருப்பவர் தன் முழுப் பாரத்தையும் கைப்பிடியில் போட்டுத் தொங்கி நிமிர்த்துவார். எங்கள் மலைநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். தீவு முழுவதும் உலையில் போடுகிற பருப்பு அவர்கள் தோளைத் தாண்டித்தான் போகிறது.

அங்கிருந்து நடந்தே போகலாம்: 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், அப்புறம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தோனியாரிடம் எல்லா மதத்தவரும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

புறக்கோட்டைக்கு ஆறரை மணிக்கே வந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் தெரு நெரியும், வண்டி தள்ளுகிறவர்களுக்கு நாம் இடைஞ்சல். 'வழி, வழி' என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் உடனே ஒதுங்குங்கள், ஏற்றிய வண்டியை அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது.