பேசும் கருவி வந்தால் பேச்சு போய்விடுமா? தலவாக்கலையிலிருந்து வந்த தங்கைக்கு

அன்புத் தங்கச்சி, பெருமூளை வாதத்தால் பேச்சு வராத உங்கள் மகனுக்கு, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லட் ஒன்றை கனடாவின் ஸ்காபரோப் பாடசாலையில் பரிந்துரைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கொடுத்தால் வரவிருக்கும் பேச்சும் நின்றுவிடும் என்று ஊரில் அம்மாயி அஞ்சுகிறார். வீட்டில் இனி ஆங்கிலம்தான் பேச வேண்டுமா என்பதும் செலவு யாருடையது என்பதும் உங்கள் கவலை. போகவந்தலாவையிலிருந்து வந்து, இதே வழியில் ஒரு மகளைப் படிக்க வைப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்மாயியின் அச்சம் நம் இலங்கைத் தேயிலைத் தோட்டப்புறத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கே பிறந்து வளர்ந்த பெற்றோரும் முதலில் அதையேதான் கேட்கிறார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பகமான சான்றுள்ள 27 பேரை எடுத்துப் பார்த்தபோது, இத்தகைய மாற்றுத் தொடர்பு முறைகளால் பேச்சுக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை என்றும், பெரும்பாலோருக்குப் பேச்சு ஓரளவேனும் கூடியது என்றும் கண்டது. கூடிய அளவு பலருக்குச் சிறியதுதான். ஆகவே கருவி வந்தால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது உறுதி கூறினால் அதையும் நம்ப வேண்டாம். கேட்டது கிடைக்காமல் அழுது களைக்கும் பிள்ளைக்கு, "போதும்", "வேணாம்", "இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல ஒரு வழி கிடைப்பதே முதல் பயன். அதற்கு நீங்களும் பேசும்போதே அந்தப் படங்களைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் வீடுகளில்தான் கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது.

மொழியைப் பொறுத்தவரை, வீட்டில் தமிழையே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு கூடுவதில்லை. பெற்றோர் தமக்குச் சரளமில்லாத மொழியில் அரைகுறையாகப் பேசுவதால்தான் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு வற்றிப்போகிறது. கருவியின் சொற்பட்டியலை மட்டும் கட்டாயம் பாருங்கள். என் மகளுக்கு வந்ததில் ஹாக்கி மட்டைக்கும் பான்கேக்குக்கும் படம் இருந்தது. ரொட்டிக்கும் கட்டைச் சம்பலுக்கும் தேத்தண்ணிக்கும் இல்லை. பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டு, நாங்களே படம் எடுத்துச் சேர்த்தோம். பல செயலிகளில் சொந்தக் குரலைப் பதிவுசெய்யவும் முடியும். ஊரிலிருந்து அவளுடைய அம்மாயி அனுப்பிய "வா சாமி, சாப்புடுவோம்" என்ற குரல்பதிவு இப்போது ஒரு பொத்தானில் இருக்கிறது, அதை அவள் எங்களையே சாப்பிடக் கூப்பிடப் பயன்படுத்துகிறாள். சென்னையில் உருவான அவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது என்பதைப் பாடசாலையில் சொல்லிப் பாருங்கள். பலருக்கு அது தெரிந்திருப்பதில்லை.

உங்கள் மகனுக்குக் கை நடுங்கும் என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. ஒரு படத்தைத் தொடப்போய் பக்கத்துப் படத்தைத் தொட்டுவிடாதிருக்க, ஒவ்வொரு பொத்தானுக்கும் துளையிட்ட பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் திரைமேல் பொருத்தலாம். அதுவும் பயன்படாவிட்டால், படங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து செல்ல, வேண்டியது வரும்போது தலையாலோ முழங்கையாலோ ஒரு சுவிட்சை அழுத்தும் முறை உண்டு. தொழில்வழிச் சிகிச்சையாளர் நேரில் பார்த்துத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும்.

செலவுக்கு வருகிறேன். பாடசாலைக்குத் தேவையான கருவியைக் கல்விச் சபை மாகாண அரசின் நிதியில் வாங்கும். அது சபையின் சொத்து. வீட்டுக்கும் கொண்டுவரலாமா என்பதை வாய்ப்பேச்சில் விடாமல், ஐ.ஈ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒன்று தேவைப்பட்டால், சுகாதார அட்டை உள்ளவர்களுக்கு ஒன்ராறியோ அரசின் உதவிக் கருவித் திட்டம் அங்கீகரித்த செலவில் 75 சதவீதத்தை ஏற்கிறது. பிள்ளையின் சிறப்புத் தேவையை முறையாக அடையாளங்காணும் குழுவைக் கூட்டும்படி பாடசாலை அதிபருக்கு எழுத்தில் கேளுங்கள். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், குழு ஏறத்தாழ எப்போது கூடும் என்பதை அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி பெரியவர்கள் பார்த்துச் செய்வார்கள் என்று காத்திருந்தால் இங்கே கோப்பு நகராது. கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாகக் கொள்வதுமில்லை.

லிந்துலையில் இருக்கும் உங்கள் அக்கா மகனுக்கும் ஏதேனும் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். புது டேப்லட் அனுப்ப அவசரப்பட வேண்டாம். அவன் அன்றாடம் காணும் லயம் என்ற வரிசை வீடு, பீலித் தண்ணீர், கொழுந்துக்கூடை, கோயில் ஆகியவற்றைப் படம் எடுத்து, லேமினேட் செய்த ஒரு பலகை முதலில் போதும். மழைக்கும் மின்வெட்டுக்கும் அது அசையாது. பிறகு ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் பேசும் செயலியையும் தமிழ்க் குரலையும் முன்கூட்டியே இறக்கிக் கொடுத்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் பேசும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்ற ஆசிரியை ஒருவர் அங்கே இருப்பதாகச் சொன்னீர்களே, பலகையை வகுப்பிலும் பயன்படுத்த அவரிடம் கேளுங்கள். அனுமதி தர யாராவது தயங்கினால், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் கூறுவதை அக்கா தம் கடிதத்தில் குறிப்பிடட்டும்.